பெஞ்சமின் பிராங்க்ளின் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்: பாஸ்டன் முதல் கடலூர் வரை

பட்டம் விட்டு மின்னலைப் பிடித்தவர், நூறு டாலர் நோட்டில் இருக்கும் முன்வழுக்கைக்காரர். பிராங்க்ளினைப் பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் இந்த இரண்டோடு நின்றுவிடுகிறது. அவருடைய 84 வருட வாழ்க்கையை அமெரிக்கச் சரித்திரத்துக்குள் மட்டும் வைத்துப் படித்தால் பாதிதான் விளங்கும் என்பது என் கட்சி. வங்காளத்தில் மழை பொய்த்ததும், சீனத்துக் கான்டனில் தேயிலை ஏற்றியதும், மைசூரில் ஹைதர் அலி படை திரட்டியதும் அந்த வாழ்க்கைக்குள் வந்து போகின்றன. என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் வைத்திருக்கிறேன்.

பிராங்க்ளின் அமெரிக்காவின் எத்தனையாவது ஜனாதிபதி?

ஜனாதிபதியாக இருந்ததே கிடையாது. ரூபாய் நோட்டில் முகம் வந்தால் ஆட்சியில் இருந்திருப்பார் என்று நினைத்துவிடுகிறோம், அவ்வளவுதான். 1785 முதல் 1788 வரை பென்சில்வேனியா மாநிலத்தின் நிர்வாக சபைக்குத் தலைவராக இருந்தார். ஜார்ஜ் வாஷிங்டன் முதல் ஜனாதிபதியாகப் பதவியேற்றது 1789 ஏப்ரல் 30-ல். அதற்கு ஒரு வருடம் நிறைவதற்குள், 1790 ஏப்ரல் 17-ல், பிராங்க்ளின் இறந்துவிட்டார்.

பிறந்த தேதி சில இடங்களில் 1705 ஜனவரி 6, சில இடங்களில் 1706 ஜனவரி 17. எது சரி?

இரண்டும் ஒரே நாள். அவர் பிறந்தபோது பிரிட்டனும் அதன் காலனிகளும் பழைய நாட்காட்டியில் இருந்தன. அதில் புது வருடம் மார்ச் 25-ல்தான் பிறக்கும், போதாக்குறைக்கு நாள் கணக்கும் 11 நாள் பின்தங்கியிருந்தது. 1752-ல் ஒருவழியாக மாற்றினார்கள். செப்டம்பர் 2 இரவு படுத்தவர்கள் எழுந்தபோது செப்டம்பர் 14.

அவர் பிறந்த நேரத்தில் இங்கிலாந்தில் ஆன் ராணி, டெல்லிக்கு இன்னும் ஔரங்கசீப்தான் பாதுஷா. அதே 1706 ஜூலையில் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் கரையிறங்கினார். வருடம் ஒத்துப்போகிறது என்பதற்காக மட்டும் இந்தப் பெயரை இழுக்கவில்லை. அடுத்த பதிலைப் பாருங்கள்.

பாஸ்டனுக்கும் தரங்கம்பாடிக்கும் அந்தக் காலத்தில் என்ன தொடர்பு இருந்திருக்க முடியும்?

கடிதத் தொடர்பு. காட்டன் மாதர் என்று பாஸ்டனில் ஒரு பெரிய போதகர் இருந்தார். அவருக்கும் தரங்கம்பாடி மிஷனரிகளுக்கும் கடிதப் போக்குவரத்து உண்டு, அதைச் சேர்த்து 1721-ல் பாஸ்டனிலேயே ஒரு சிறு நூலாக அச்சிட்டார். அந்த வருடம் பிராங்க்ளினுக்கு 15 வயது. மெழுகுவர்த்தியும் சோப்பும் காய்ச்சி விற்ற அப்பாவுக்கு இரண்டு மனைவிகளிடம் மொத்தம் 17 பிள்ளைகள், இவர் பதினைந்தாவது. பள்ளிக்கூடம் போனது இரண்டே வருடம். 12 வயதில் அண்ணன் ஜேம்ஸின் அச்சகத்தில் வேலை பழகச் சேர்த்துவிட்டார்கள்.

1721-ல் பாஸ்டனில் பெரியம்மை பரவியது. நோயாளியின் கொப்புளத்திலிருந்து எடுத்து, நன்றாக இருப்பவர் தோலில் லேசாகக் கீறி ஏற்றினால் உயிர் தப்பலாம் என்று மாதர் சொன்னார். இதை அவருக்குச் சொல்லிக் கொடுத்தது அவர் வீட்டில் அடிமையாக இருந்த ஒனெசிமஸ் என்ற ஆப்பிரிக்கர். ஜேம்ஸ் பிராங்க்ளின் புதிதாக ஆரம்பித்த பத்திரிகை இந்த அம்மை குத்தும் யோசனையைக் கிழிகிழி என்று கிழித்தது. மாதர் சொன்னதுதான் சரி, பத்திரிகை சொன்னது தப்பு. அந்தத் தப்பின் விலை என்ன என்பது இளைய பிராங்க்ளினுக்கு 15 வருடம் கழித்துத் தெரிந்தது. 1736-ல் அவருடைய நான்கு வயது மகன் பிரான்சிஸ் பெரியம்மையில் இறந்தான், அவனுக்கு அம்மை குத்தியிருக்கவில்லை. குத்தாமல் விட்டதை நினைத்துக் கடைசிவரை வருந்தினேன் என்று சுயசரிதையில் எழுதியிருக்கிறார், பிள்ளை பெற்றவர்கள் இதைப் பார்த்துத் திருந்தட்டும் என்றே.

மாதரைப் பிராங்க்ளின் பின்னால் நேரிலும் பார்த்தார். வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஒரு தாழ்வான வழியில் மாதர் "குனி, குனி" என்று கத்த, இவர் புரிந்துகொள்வதற்குள் உத்தரம் தலையில் இடித்துவிட்டது. போகும் வழியில் குனிந்து போனால் நிறைய இடிகள் தப்பும் என்றாராம் மாதர். 60 வருடம் கழித்து மாதரின் மகனுக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொல்லியிருக்கிறார்.

ஓர் அச்சகத் தொழிலாளி எப்படி அவ்வளவு பெரிய பணக்காரர் ஆனார்?

அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு 17 வயதில் பிலடெல்பியாவுக்கு ஓடினார். அப்புறம் 18 மாதம் போல லண்டன் அச்சகங்களில் வேலை, திரும்பி வந்து சொந்த அச்சகம், 1729-ல் ஒரு பத்திரிகையை வாங்கினார். நிஜமான பணம் வந்தது பஞ்சாங்கத்தில். நம் ஊரில் பாம்புப் பஞ்சாங்கம் எப்படியோ அப்படி அங்கே வீட்டுக்கு வீடு ஒரு பஞ்சாங்கம் தொங்கும். வேறு புத்தகமே வாங்காதவர்கள்கூட அதை வாங்குவார்கள். 1732 கடைசியில் 'ஏழை ரிச்சர்ட்' என்ற கற்பனை ஆசாமியின் பெயரில் தொடங்கினார், வருடத்துக்குப் பத்தாயிரம் பிரதி அளவுக்குப் போனது. தேதிகளுக்கு நடுவே மிஞ்சும் வெற்றிடத்தில் பழமொழிகளைப் போட்டார், பலவும் பழைய சரக்கைத் தட்டிக் கொட்டிச் சரிசெய்ததுதான். இதோடு அரசாங்க அச்சு வேலை, காகிதப் பண அச்சடிப்பு, 1737 முதல் பிலடெல்பியா போஸ்ட்மாஸ்டர் வேலை. தபால் கையில் இருந்தால் பத்திரிகைக்குச் செய்தியும் முதலில் வரும், பத்திரிகையும் ஊர் ஊராகப் போகும், சாமர்த்தியம்தான். 1748-ல், 42 வயதில், தொழிலைப் பங்காளியிடம் விட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் நமக்குத் தெரிந்த பிராங்க்ளினே வருகிறார்.

பட்டம் விட்ட கதை உண்மையா?

1752 ஜூனில் விட்டார் என்பதை ஏற்கலாம். ஆனால் படங்களில் காட்டுவது போல மின்னல் பட்டத்தின் மேல் விழவில்லை. விழுந்திருந்தால் இந்தப் பக்கத்துக்கே வேலை இருந்திருக்காது. இடிமேகத்தில் இருந்த மின்னூட்டம் ஈரக் கயிறு வழியாக இறங்கி, தொங்கவிட்ட சாவியில் பொறியாகத் தெறித்தது, அவ்வளவுதான். அதற்கு முந்தைய மாதமே பிரான்சில், மார்லி என்ற ஊரில், அவர் எழுதி வைத்திருந்த யோசனைப்படி உயரமான இரும்புக் கம்பி நட்டு மேகத்திலிருந்து மின்சாரத்தை எடுத்துக் காட்டிவிட்டார்கள். கடல் தாண்டி அந்தச் செய்தி வந்து சேர்வதற்குள் இவர் தனியாகப் பட்டம் விட்டிருக்கிறார். அடுத்த வருடம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ரிக்மன் என்ற விஞ்ஞானி இதே வகைச் சோதனையில் மின்னல் தாக்கிச் செத்தார்.

இதைச் சும்மா விஞ்ஞானக் கதையாக மட்டும் விட்டுவிடாதீர்கள். அவர் யோசனையில் பிறந்த இடிதாங்கி ஐரோப்பா முழுக்கப் பரவியது, லண்டன் ராயல் சொசைட்டி 1753-ல் தங்கப் பதக்கம் தந்தது. அமெரிக்கா என்று ஒரு நாடு பிறப்பதற்கு இருபது வருடம் முன்பே ஐரோப்பிய அரண்மனைகளில் பெயர் தெரிந்த ஒரே அமெரிக்கர் இவர்தான். பாரிசில் பின்னால் அவருக்குக் கதவுகள் தாமாகத் திறந்தன என்றால் அதற்குச் சாவி அந்தப் பட்டத்தில் தொங்கிய சாவிதான்.

ஆரம்பத்திலிருந்தே பிரிட்டிஷாரை எதிர்த்தவரா?

இல்லவே இல்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். 70 வயது நிறையும் வரை அவர் பிரிட்டிஷ் குடிமகன், அதிலும் பெரும்பகுதி பெருமையோடு. 1754-ல் பிரெஞ்சுக்காரர்களை எதிர்க்கக் காலனிகள் ஒன்றாகச் சேர வேண்டும் என்று துண்டுதுண்டாக வெட்டிய பாம்பின் படம் போட்டார், "சேர் அல்லது சாவு" என்று. பிற்காலத்தில் அதைப் புரட்சிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள், ஆனால் வரைந்தபோது அது பிரிட்டிஷ் ராஜாவுக்காக வரைந்த பாம்பு. அதே வருடம் ஆல்பனி நகரில் காலனிகளுக்கு ஒரு பொது அரசு வேண்டுமென்று திட்டம் கொடுத்தார், அதில் காலனிகளுக்கும் விருப்பமில்லை, லண்டனுக்கும் விருப்பமில்லை.

அப்போது மூண்ட பிரிட்டன்–பிரான்ஸ் போர் அமெரிக்கக் காட்டில் ஆரம்பித்து உலகம் முழுக்கப் போனது. 1757 பிளாசி, 1759 கியூபெக், 1760 வந்தவாசி, 1761 பாண்டிச்சேரி வீழ்ச்சி, எல்லாம் அதே கணக்கில்தான். ஜெயித்த பிரிட்டன் எதை வைத்துக்கொள்வது, கனடாவையா அல்லது சர்க்கரை விளையும் குவாடலூப் தீவையா என்று லண்டனில் விவாதம் நடந்தது. இன்று கேட்டால் சிரிப்பு வரும், அன்று சர்க்கரைத் தீவுதான் லாபம். பிராங்க்ளின் 1760-ல் ஒரு சிறு நூல் எழுதி கனடாவை விடாதீர்கள் என்றார். அமெரிக்காவில் பிரிட்டிஷ் மக்கள் பெருகிப் பெருகி ஒருநாள் சாம்ராஜ்யத்தின் நடு மையமே அங்கே வந்துவிடும் என்பது அவர் கனவு. 1764-ல் அவர் லண்டனுக்குப் போனதே பென்சில்வேனியாவை, அந்தக் காலனிக்கே சொந்தக்காரர்களாக இருந்த பென் குடும்பத்தின் கையிலிருந்து பிடுங்கி நேரடியாக ராஜாவின் ஆட்சிக்குக் கீழ் கொண்டுவரச் சொல்லி மனுக் கொடுக்கத்தான். ராஜாவை விரட்டியவர்களில் ஒருவர், பத்து வருடம் முன்பு ராஜாவே வந்து ஆளட்டும் என்று மனுவோடு அலைந்திருக்கிறார்.

முத்திரைத்தாள் சட்டத்தை எதிர்த்தவர் அவர்தானே?

எதிர்த்தார், ஆனால் தாமதமாக. போரில் ஏறிய கடனை அடைக்க 1765-ல் காலனிகளில் பத்திரம், பத்திரிகை, சீட்டுக்கட்டு வரை எல்லாக் காகிதத்துக்கும் முத்திரை வரி போட்டது லண்டன். பிராங்க்ளின் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு, சரி, வந்தது வந்துவிட்டது என்று தன் நண்பர் ஒருவரையே பென்சில்வேனியாவில் முத்திரைத்தாள் விற்கும் அதிகாரியாகப் பரிந்துரைத்தார். ஊர் நாடியை அவர் இவ்வளவு தப்பாகப் பிடித்தது வேறு எப்போதும் இல்லை. பிலடெல்பியாவில் கூட்டம் அவர் வீட்டை இடிக்கக் கிளம்பியது, அவர் மனைவி டெபோரா துப்பாக்கிகளோடு வீட்டுக்குள் உட்கார்ந்து நகர மாட்டேன் என்றுவிட்டார். செய்தி லண்டனுக்கு வந்ததும் மனிதர் சுதாரித்துக்கொண்டார். 1766 பிப்ரவரியில் பாராளுமன்றத்தில் நின்று 174 கேள்விகளுக்குப் பதில் சொன்னார், அடுத்த மாதம் சட்டம் வாபஸ். முந்தைய வருடத்துச் சறுக்கலை ஊர் மறந்துவிட்டது.

பாஸ்டனில் கடலில் கொட்டியது இந்தியத் தேயிலையா?

சீனத் தேயிலை. அஸ்ஸாம் தேயிலை வந்தது 1830-களில். ஆனால் அதை விற்றது நமக்கு நன்றாகத் தெரிந்த கிழக்கிந்தியக் கம்பெனி, அது விற்கப்பட்ட விதத்துக்குப் பின்னால் இந்தியாவும் இருக்கிறது.

1765-ல் வங்காளத்தின் திவானி, அதாவது வரி வசூல் உரிமை, கம்பெனிக்குக் கிடைத்ததும் லண்டனில் பங்கு விலை எகிறியது, லாபப் பங்கை 12.5 சதவீதம் வரை ஏற்றினார்கள். அப்புறம் எல்லாம் வரிசையாக வந்தது. ஹைதர் அலியோடு 1767 முதல் 1769 வரை நடந்த போர் கஜானாவைத் தின்றது. 1770 பஞ்சத்தில், வாரன் ஹேஸ்டிங்ஸின் மதிப்பீட்டுப்படியே, வங்காளத்து மக்களில் மூன்றில் ஒரு பங்கு செத்தார்கள், அப்போதும் வரி வசூல் குறையவில்லை. 1772-ல் லண்டனில் வங்கிகள் சரிந்தபோது கம்பெனி கடனில் மூழ்கி அரசாங்கத்திடம் கையேந்தி நின்றது, கிடங்குகளில் விற்காத தேயிலை மட்டும் சுமார் ஒரு கோடியே 70 லட்சம் பவுண்டு எடை. அரசு 14 லட்சம் பவுண்டு கடன் கொடுத்தது, கூடவே 1773-ல் ஒரு சட்டம்: கம்பெனி தேயிலையை நேரடியாக அமெரிக்காவில் விற்றுக்கொள்ளலாம், இங்கிலாந்தில் வரி கிடையாது, அமெரிக்காவில் இறங்கும்போது மட்டும் பவுண்டுக்கு மூன்று பென்ஸ். ஆக, தேயிலை விலை குறையத்தான் போகிறது! கோபம் விலையைப் பற்றி இல்லை. உள்ளூர் வியாபாரிகளை (கடத்தல்காரர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்) ஓரங்கட்டி ஒரே கம்பெனிக்கு ஏகபோகம் கொடுப்பதும், தங்களைக் கேட்காமல் போட்ட வரியைச் சந்தடி சாக்கில் ஏற்கவைப்பதும்தான் கோபம். இந்தக் கம்பெனி ஆசியாவில் மக்களைப் பட்டினி போட்டுக் கொன்றது, இங்கேயும் வருகிறது என்று அமெரிக்காவில் துண்டுப் பிரசுரங்களே வந்தன.

1773 டிசம்பர் 16 இரவு 342 பெட்டிகள் பாஸ்டன் துறைமுகத்தில் கொட்டப்பட்டன. பிராங்க்ளின் என்ன சொன்னார் தெரியுமா? அடுத்தவன் சொத்தை அழித்தது தப்பு, பாஸ்டன்காரர்கள் நஷ்டஈடு கொடுத்துவிட வேண்டும் என்றார்.

அப்படியென்றால் அவர் மனம் மாறியது எப்போது?

ஒரே நாளில் மாறினார் என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஆனால் ஒரு நாளைக் குறிக்கச் சொன்னால் 1774 ஜனவரி 29. மாசசூசெட்ஸ் ஆளுநர் ஹட்சின்சன், மக்களின் உரிமைகளைக் குறைக்க வேண்டும் என்ற தொனியில் எழுதிய பழைய கடிதங்கள் பிராங்க்ளின் கைக்கு வந்தன. யாரும் அச்சிடக் கூடாது என்று சொல்லி பாஸ்டனுக்கு அனுப்பினார். பிழைப்பே அச்சகமாக இருந்த மனிதர், அச்சாகாது என்று எப்படி நம்பினாரோ! அச்சானது, ரகளையானது. லண்டனில் மந்திரி சபையின் முன் விசாரணை, தேயிலைச் செய்தியும் அதே சமயம் வந்து சேர்ந்திருந்தது. வெடர்பர்ன் என்ற அரசு வக்கீல் ஒரு மணி நேரத்துக்கு மேல் அவரைத் திருடன் என்று வசைபாடினார், சுற்றியிருந்த பிரபுக்கள் சிரித்துக் கைதட்டினார்கள். 68 வயது பிராங்க்ளின் வெல்வெட் உடுப்பில் அசையாமல் நின்றார், வாயே திறக்கவில்லை. இரண்டு நாளில் காலனிகளின் தபால் பதவியும் போனது.

அதற்குப் பிறகும் ஒரு வருடம் லண்டனில் இருந்து சமாதானத்துக்கு முயன்றார் என்பதையும் சொல்ல வேண்டும். 1775 மார்ச்சில் கப்பலேறினார். அவர் நடுக்கடலில் வளைகுடா நீரோட்டத்தின் சூட்டைத் தெர்மாமீட்டர் விட்டு அளந்துகொண்டிருந்தபோது லெக்சிங்டனில் முதல் துப்பாக்கி வெடித்துவிட்டது. 1776 சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் வயதில் மூத்தவர் இவர்தான்.

மகன் எதிர்ப்பக்கம் இருந்தார் என்கிறார்களே?

ஆமாம். வில்லியம், திருமணத்துக்கு வெளியே பிறந்த மகன், தாய் யார் என்று இன்றுவரை தெரியாது. அப்பாவின் செல்வாக்கில் நியூஜெர்சிக்கு ராஜாவின் ஆளுநரானார், அந்த விசுவாசத்தை விடவே இல்லை. அப்பா கற்றுக்கொடுத்த சாம்ராஜ்ய பக்தியில்தான் மகன் கடைசிவரை நின்றார், மாறியது அப்பா. 1776-ல் புரட்சிக்காரர்கள் வில்லியமைச் சிறைபிடித்தார்கள். நியூயார்க்கில் மனைவி சாகக் கிடந்தபோது போய்ப் பார்க்கவும் விடவில்லை. அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. 1784-ல் மகன் சமாதானமாகக் கடிதம் எழுதியபோது, முதுமையில் ஒரே மகனே என்னைக் கைவிட்டதுபோல எதுவும் என்னைப் புண்படுத்தியதில்லை என்று பதில் எழுதினார். அடுத்த வருடம் சவுத்தாம்டனில் சில நாள் சந்தித்தார்கள், அதில் பெரும்பகுதி கடன் கணக்குத் தீர்ப்பதில் போனது. உலகம் முழுக்க நயமாகப் பேசியவருக்கு சொந்த மகனிடம் அது வரவில்லை. எனக்கு அவரிடம் பிடிக்காத விஷயம் இது.

பிரான்ஸ் எதற்கு உதவியது? பிராங்க்ளின் பேச்சில் மயங்கியா?

பேச்சில் மயங்கி எந்த அரசும் பணம் கொடுக்காது. முந்தைய போரில் தோற்று 1763-ல் பட்ட அவமானத்துக்குப் பிரிட்டனைப் பழிவாங்க வெளியுறவு மந்திரி வெர்ஜேன் காத்திருந்தார், பிராங்க்ளின் வந்து சேருமுன்பே ரகசியமாக வெடிமருந்து போக ஆரம்பித்துவிட்டது. 1776 டிசம்பரில் வந்து இறங்கிய பிராங்க்ளின் செய்தது வேறு. பொய்முடியைத் தூக்கிப் போட்டுவிட்டு ரோமத் தொப்பியோடு காட்டுத் தத்துவஞானி மாதிரி பாரிசில் உலவினார், அந்தத் தொப்பி உண்மையில் தலையில் இருந்த சொறிக்காகவும்தான். மோதிரம், மூக்குப்பொடி டப்பி எல்லாவற்றிலும் அவர் முகம். 1777 அக்டோபரில் சரடோகாவில் ஒரு பிரிட்டிஷ் படை முழுசாகச் சரணடைந்த செய்தி வந்ததும், பிரிட்டனோடும் பேசுவது போல் லேசாகக் காட்டினார். அமெரிக்கர்கள் சமாதானமாகிவிடுவார்களோ என்ற பயத்தில் பிரான்ஸ் 1778 பிப்ரவரி 6-ல் அமெரிக்காவோடு கூட்டணி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. அன்று பிராங்க்ளின் அணிந்தது 1774-ல் வசை வாங்கிய அதே வெல்வெட் உடுப்பு. இதை எழுதி வைத்தவர் அவருடைய செயலாளராக இருந்த பான்கிராப்ட், அவரோ பிரிட்டிஷ் உளவாளி! தோட்டத்து மரப்பொந்தில் புட்டி வைத்து அதில் தகவல் அனுப்பிக்கொண்டிருந்தார். நூறு வருடம் கழித்துத்தான் இது வெளியே வந்தது.

அமெரிக்கச் சுதந்திரப் போர் கடலூரில் முடிந்தது என்பது வாட்ஸ்அப் கதையா?

கதை இல்லை. பிரான்ஸ் சேர்ந்ததும் போர் உலகப் போராகிவிட்டது. 1778 அக்டோபரில் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியைப் பிடித்தார்கள். அடுத்த வருடம் மாஹேயையும் பிடித்தபோது, அந்தத் துறைமுகம் வழியாக ஆயுதம் வாங்கிக்கொண்டிருந்த ஹைதர் அலி கொதித்தார். 1780-ல் கர்நாடகப் பகுதிக்குள், அதாவது இன்றைய வட தமிழ்நாட்டுக்குள், இறங்கினார், காஞ்சிபுரம் பக்கம் பொள்ளிலூரில் ஆங்கிலப் படையை நொறுக்கினார். அமெரிக்கர்களோடு வியாபாரம் செய்ததற்காக டச்சுக்காரர்கள் மேலும் பிரிட்டன் போர் தொடுக்க, டச்சுக்காரர் கையிலிருந்த நாகப்பட்டினமும் திருகோணமலையும் இதில் மாட்டிக்கொண்டன. ஹைதரின் பெயர் பிலடெல்பியா வரை போயிருந்தது. 1782-ல் பென்சில்வேனியா தன் போர்க்கப்பல் ஒன்றுக்கு 'ஹைதர் அலி' என்றே பெயர் வைத்தது, அது டெலவேர் விரிகுடாவில் 'ஜெனரல் மங்க்' என்ற பிரிட்டிஷ் கப்பலைப் பிடித்தது.

கடலூரைப் பிரெஞ்சுக்காரர்கள் 1782-ல் பிடித்து வைத்திருந்தார்கள். 1783 ஜூனில் ஆங்கிலேயர் வந்து முற்றுகையிட்டார்கள். 13-ம் தேதி தரையில் கடும் சண்டை, 20-ம் தேதி கடலில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரானின் கடற்படையோடு சண்டை, 25-ம் தேதி கோட்டைக்குள்ளிருந்து பிரெஞ்சுக்காரர்கள் பாய்ந்து வந்து இன்னொரு சண்டை. மாதக் கடைசியில் ஒரு கப்பல் செய்தி கொண்டுவந்தது: பிரிட்டனும் பிரான்சும் ஜனவரி 20-ம் தேதியே சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்டாயிற்று. பிராங்க்ளின் அதற்கும் முன்னால், 1782 நவம்பர் 30-ல், பிரிட்டனோடு முதல் உடன்படிக்கையில் ஒப்பமிட்டிருந்தார். பாரிசில் மை காய்ந்து ஏழு மாதம் ஆகியும் கடலூரில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். இருபுறமும் அதில் இந்தியச் சிப்பாய்கள் நிறைய.

பிரான்சுக்குத் தெரியாமல் கையெழுத்துப் போட்டது துரோகம் இல்லையா?

ஒப்பந்தப்படி பார்த்தால் தப்புதான். வெர்ஜேன் கோபித்துக்கொண்டார். பிராங்க்ளின் பதிலில், மரியாதைக் குறைவாக நடந்திருக்கலாம், ஆனால் நமக்குள் பிளவு வந்ததாக ஆங்கிலேயர் சந்தோஷப்படுகிறார்கள், அவர்களை ஏமாற்றுவோமே என்று எழுதினார். அந்த மன்னிப்போடேயே இன்னும் 60 லட்சம் லிவர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்) கடனும் வாங்கிவிட்டார். கடன் கேட்பதை ஒரு கலையாகப் பாடம் நடத்தலாம்.

பிரான்சுக்கு இந்தப் போர் நூறு கோடி லிவருக்கு மேல் செலவு வைத்தது. 1788-ல் அரசு வருமானத்தில் பாதி வட்டிக்கே போனது, வேறு வழியில்லாமல் ராஜா கூட்டிய சபைதான் 1789-ல் கைமீறிப் போனது. பிராங்க்ளினால்தான் பிரெஞ்சுப் புரட்சி என்று சொன்னால் மிகை, ரொட்டி விலை, விளைச்சல், பிரபுக்களின் வரிவிலக்கு எல்லாம் உண்டு. ஆனால் அந்தக் கடன் பட்டியலில் அவர் வாங்கிய வரிகள் இருக்கின்றன.

அடிமை முறையை எதிர்த்தவரா, அடிமை வைத்திருந்தவரா?

இரண்டும். பீட்டர், கிங், ஜார்ஜ் என்று அவர் வீட்டில் அடிமைகள் இருந்தார்கள், கிங் இங்கிலாந்தில் தப்பி ஓடிவிட்டார். அவர் பத்திரிகை அடிமை விற்பனை விளம்பரங்களில் காசு பார்த்தது. 1763-ல் கறுப்பினக் குழந்தைகளின் பள்ளி ஒன்றைப் பார்த்துவிட்டு, இவர்கள் அறிவில் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை என்று எழுதினார், அப்போதும் வீட்டு அடிமைகளை விடுவிக்கவில்லை. 1787-ல் பென்சில்வேனியா அடிமை ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைவரானார், அதே வருடம் அரசியல் சட்ட மாநாட்டில் வைக்கச் சொல்லி அந்தச் சங்கம் கொடுத்த மனுவை வெளியே எடுக்கவில்லை. 1790 பிப்ரவரியில்தான் துணிந்து காங்கிரசுக்கு ஒழிப்பு மனு அனுப்பினார். ஜார்ஜியாக்காரர் ஒருவர் எதிர்த்துப் பேச, அல்ஜீரியாவில் ஒரு முஸ்லிம் பிரபு கிறிஸ்தவ அடிமைகளை ஏன் விடக் கூடாது என்று அதே வாதங்களை அப்படியே பேசுவதாக ஒரு கிண்டல் கட்டுரை எழுதினார். அது வெளிவந்து ஒரு மாதத்துக்குள் இறந்தார்.

வான்கோழிதான் தேசியப் பறவையாக வேண்டும் என்றாரா? கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றும் யோசனை அவருடையதா?

வான்கோழி, மகளுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு நக்கல், யாரிடமும் முன்மொழியவில்லை. கடிகாரம், பாரிஸ் பத்திரிகைக்கு எழுதிய வேடிக்கைக் கடிதம், அதிலும் கடிகாரத்தைத் தொடவில்லை, சோம்பேறிகளைப் பீரங்கி வெடித்து எழுப்பச் சொன்னார். இவற்றைவிட யாரும் கேட்காத ஒன்று: 1783 கோடையில் ஐரோப்பாவை மூடிய வறண்ட மூடுபனியும் அடுத்து வந்த கடுங்குளிரும் ஐஸ்லாந்து எரிமலைப் புகையால் இருக்கலாம் என்று 1784-லேயே எழுதினார். அது லாக்கி எரிமலை.

கல்லறை எங்கே இருக்கிறது?

பிலடெல்பியாவில், கிரைஸ்ட் சர்ச் இடுகாட்டில். ஊர்வலத்துக்குச் சுமார் 20,000 பேர் வந்தார்கள், பிரெஞ்சு தேசிய சபை மூன்று நாள் துக்கம் அனுசரித்தது, அமெரிக்க செனட் அனுசரிக்கவில்லை. பாஸ்டன், பிலடெல்பியா இரண்டு ஊர்களுக்கும் தலா ஆயிரம் பவுண்டு எழுதி வைத்து, இளம் தொழிலாளிகளுக்கு வட்டிக்குக் கொடுத்து 200 வருடம் பெருக்குங்கள் என்றார். 1990-ல் பாஸ்டனில் அது சுமார் 50 லட்சம் டாலர், பிலடெல்பியாவில் 20 லட்சத்துக்கு மேல்.

இருபத்திரண்டு வயதில் தனக்குத்தானே ஒரு கல்லறை வாசகம் எழுதியிருந்தார், அட்டை கிழிந்த பழைய புத்தகம் போல இங்கே கிடக்கிறேன், ஆசிரியர் திருத்திப் புதுப் பதிப்பு போடுவார் என்று. அதைப் பொறிக்கவில்லை. கல்லில் இருப்பது "பெஞ்சமின், டெபோரா பிராங்க்ளின், 1790" மட்டும். டெபோரா இறந்தது 1774 டிசம்பரில். கடல் பயணத்துக்குப் பயந்து அவர் லண்டன் போகவே இல்லை, இவர் கடைசிப் பத்து வருடம் வீட்டுக்கு வரவே இல்லை. இப்போது வருகிறவர்கள் அந்தக் கல்லின் மேல் பென்னிக் காசு எறிந்துவிட்டுப் போகிறார்கள்.